கோவிலிலே நகல்! கோடீசுவரரிடம் அசல்!

பழம்பொருள் சேர்ப்பது சீமான்களின் பொழுதுபோக்கு. போலியை வாங்கி ஏமாந்தால் நட்டம் அவர்கள் பணப்பைக்கு. உழைப்பவனுக்கு அதிலே என்ன வந்தது என்று தோழர்களிலே சிலர் கேட்கக்கூடும். வந்தது, தோழர்களே, வந்தது! சீமான் அசலை வாங்கினார். போலியோ நம் தலையிலே கட்டப்பட்டது. கும்பகோணத்தை அடுத்த சிவபுரத்திலே நடந்ததைக் கேளுங்கள்.

1951-ஆம் ஆண்டு அந்த ஊர் மண்ணுக்குள்ளிருந்து சோழர் காலத்துச் செப்புச் சிலைகள் வெளிப்பட்டன. கண்டெடுத்தவர் பட்டம் பெற்ற ஆராய்ச்சியாளரல்ல, மண்ணை வெட்டிய உழவர். அவற்றிலே ஒன்று நடராசர், பத்தாம் நூற்றாண்டுக் கைத்திறன். வழிபாடு பற்றி நமக்குள்ள கருத்து வேறு. ஆனால் அந்தச் செம்பை வார்த்த கை தமிழ்த் தொழிலாளியின் கை. சிலைகள் கோவிலிலே ஒப்படைக்கப்பட்டன. பழுது பார்க்க வேண்டும் என்றார்கள். 1950-களின் நடுவிலே பட்டறைக்கு அனுப்பினார்கள். போனது அசல். திரும்பி வந்தது நகல்!

கண்டுபிடித்தது யார்? ஊரா? அதிகாரிகளா? இல்லை. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட். சோழர் செப்புச் சிலைகள் பற்றி 1965-லே வெளியான தம் நூலிலே, சிவபுரம் கோவிலில் நிற்பது புதிதாகச் செய்தது, அசல் பம்பாயிலே தனியார் ஒருவரிடம் இருக்கிறது என்று எழுதினார். எழுதிய பிறகாவது விழித்தோமா? அசல் கடல் கடந்தது. 1973-லே நார்ட்டன் சைமன் என்ற அமெரிக்கச் செல்வர் ஏறத்தாழ 9 லட்சம் டாலர் கொடுத்து வாங்கினார். இந்திய அரசு வழக்காடிற்று. 1976-லே உடன்பாடு: பத்தாண்டு அவரே வைத்திருக்கலாம், பிறகு திருப்பித் தரவேண்டும். களவு போன பொருளுக்குப் பத்தாண்டு இரவல்! 1986-லேதான் சிலை நாடு திரும்பியது.

போலியை எப்படி அறிவது? பச்சைக் களிம்பைப் பார்த்து மயங்குகிறவர் முதலில் ஏமாறுவார். அமிலத்தைத் தடவி மண்ணிலே புதைத்தால் களிம்பு ஏறிவிடும். ஆனால் அது மேலே ஒட்டிய பூச்சு, சுரண்டினால் உதிரும். நூற்றாண்டுகளாக ஏறிய களிம்போ செம்பையே அரித்து உள்ளே இறங்கியிருக்கும். கரிமக் காலக்கணிப்பு உலோகத்திடம் பலிக்காது. நல்ல சாட்சி வேறொன்று உண்டு. மெழுகிலே உருச்செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, அங்கே உலோகத்தை ஊற்றி, பிறகு மண் அச்சை உடைக்கிறார்கள். அச்சே உடைந்துபோவதால் ஒரு சிலை போல் மயிரிழை பிசகாத மற்றொன்று வருவது அரிது. விரலின் வளைவு, சுடரின் முனை, எடை... எங்காவது காட்டிக்கொடுக்கும். பழைய படம் ஒன்று கையிலிருந்தால்!

படத்தின் வலிமையைச் சீபுரந்தான் காட்டிற்று. அரியலூர் மாவட்டத்து அந்த ஊர் நடராசர் 2006-லே திருடப்பட்டு, 2008-லே ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்கு சுமார் 50 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டார். இங்கே சிலை அசல், பத்திரம் போலி! பழம்பொருள் ஏற்றுமதியைத் தடுக்கும் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்பே சிலை இந்தியாவை விட்டுப் போய்விட்டதாகக் காட்டும் காகிதம். உருவத்தைச் சோதித்தவர்கள் ஊர்ப்பெயரைச் சோதிக்கவில்லை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் புகைப்படமோ, சிலை கோவிலிலேயே இருந்ததைக் காட்டி அந்தக் காகிதத்தைக் கிழித்தெறிந்தது. 2014-லே சிலை திரும்பியது.

நாம் கேட்கிறோம்: எத்தனை சிற்றூர்க் கோவில்களின் சிலைகளுக்கு நாற்புறமும் எடுத்த படம் இருக்கிறது? உயரமும் எடையும் குறித்த ஏடு இருந்தால், அதை ஊரார் புரட்டிப் பார்க்க முடிகிறதா? பழுதுபார்க்கப் புறப்படும் நாளிலும் திரும்பும் நாளிலும் ஊரார் முன்னிலையிலே தராசிலே ஏற்றினால் என்ன? அடகுக்கடையிலே இரண்டு பவுன் சங்கிலியை வைத்து மீட்கும்போது முள்ளையே உற்றுப் பார்த்து நிற்கிறோமே!