நண்பகலே பாலை

பாலை யாது என்று வகுப்பில் வினவினால், மாணவர் பெரும்பாலும் மணற்குன்றையும் ஒட்டகத்தையுமே விடையாகக் கூறுவர். நம் முன்னோர் கொண்ட பாலை அதுவன்று. தொல்காப்பியர் ஏனைய நான்கு திணைக்கும் நிலம் வகுத்தார். பாலைக்கு நிலம் வகுத்திலர். வேனிலையும் நண்பகலையும் அதற்குப் பொழுதாக ஓதிப் பின்பனியையும் உடன் சேர்த்தார். முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்தவிடத்துப் பாலை தோன்றும் என்பது இளங்கோவடிகள் காட்டும் கருத்து. காலையிற் குளிர்ந்த காடாயிருந்த இடமே உச்சிவேளையிற் பாலையாகலாம் என்பது இவற்றால் விளங்கும். இவ்வுண்மை தேர்வுத்தாளோடு நின்றுவிடத்தக்கதன்று. குழுவாகத் துவிச்சக்கர வண்டியில் நெடுந்தூரம் செல்லப் புறப்படும் நம் இளைஞரின் உயிரைக் காக்கவும் வல்லது.

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 நெடுஞ்சாலை ஏறத்தாழ 320 கிலோமீற்றர் நீளமுடையது. போரினால் அடைபட்டுக் கிடந்த அப்பாதை 2002 இல் திறந்து, 2006 இல் மீண்டும் மூடி, போர் முடிந்த 2009 இல் மறுபடியும் திறக்கப்பட்டது. மலைநாட்டு இளைஞர் வடக்கைத் தம் கால்வலியாலேயே சென்று காண விரும்புவதை யாம் மனமுவந்து வரவேற்கிறோம். எம் வினா ஒன்றே: அவர்கள் நண்பகலில் எங்கே இருப்பார்கள்?

கண்டி மாநகர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஆடி மாதத்திலும் இங்கே தூறல் விழும். கட்டுகஸ்தோட்டையில் மகாவலியைக் கடந்து, அக்குறணை, மாத்தளை வழியாக இறங்குவோர் நாவுலையைத் தாண்டியதும் வேறொரு நாட்டைக் காண்பர். தென்மேற்குப் பருவக்காற்று மழையை மலையின் மேற்குச் சரிவிலே பொழிந்துவிட்டு, வறண்ட காற்றாய் அச்சமவெளியில் வீசும். தம்புள்ளை, மிகிந்தலை, மதவாச்சி, வவுனியா என நீளும் அவ்வழி, அம்மாதங்களின் நண்பகலில் தார் உருகும் வெம்மையுடையது. குளிர்ந்த ஊரில் வளர்ந்த உடல் ஒரே நாளில் இதற்குப் பழகிவிடாது.

துவிச்சக்கர வண்டியில் இன்னொரு மயக்கமும் உண்டு. வண்டி ஓடும்போது மேனியிற் படும் காற்று வியர்வையை உடனே உலர்த்திவிடுகிறது. தோல் உலர்ந்திருத்தலால், தான் எவ்வளவு நீரை இழந்தான் என்பதை ஓட்டுவோன் அறியான். வடக்கு நோக்கிச் செல்வோனுக்குச் சோளகக் காற்று பின்னிருந்து துணைசெய்யும், அவனும் மகிழ்வான். ஆனால், அவனும் காற்றும் ஒரே திசையிற் செல்லுங்கால், அவன் மேனியை விசிறும் காற்று குறைந்துவிடும். உழைப்பு குறைந்ததாகத் தோன்றும் அவ்வேளையிலேயே உடலின் வெம்மை ஏறும். உள்வெப்பம் 40 பாகை செல்சியசைக் கடந்து, பேச்சுத் தடுமாறி, அறிவு மயங்கினால், அது களைப்பன்று, உயிர்க்கொல்லியாகிய வெப்பத்தாக்கு. அந்நிலையில் அவனை நிழலிற் கிடத்தி, உடல் முழுவதும் நீர் ஊற்றி விசிறுதலும், 1990 என்னும் இலக்கத்திற்கு அழைத்து நோயாளர் வண்டியை வருவித்தலும் ஒருங்கே நடைபெறல் வேண்டும். மயங்கியவன் வாயில் நீர் புகட்டலாகாது.

இவற்றினும் பெரிய இடர் மாணவனின் நாணமே. தனியே செல்பவன் களைத்தால் இறங்கிவிடுவான். குழுவிற் செல்பவன் இறங்கான். தன்னால் பிறர்க்குத் தாமதம் நேருமே, கோழை என்று நகைப்பரே என்று பல்லைக் கடித்துக்கொண்டு மிதிப்பான். துணையாய் அமைய வேண்டிய குழுவே அவனுக்குப் பகையாகிவிடுகிறது. ஆதலால், நிற்பதற்கு அவன் அனுமதி கேட்கும் நிலையே வரலாகாது. நிற்கும் இடமும் நேரமும் முன்பே விதிக்கப்பட்டிருத்தல் வேண்டும். வலியவன் முன்னே பறக்க, மெலியவன் பின்னே தேயும் வழக்கத்தை ஒழித்து, மெலியவனையே முன்னே செல்லவிடல் வேண்டும். அவன் வேகமே குழுவின் வேகம்.

இதனை யாம் வற்புறுத்துதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1820 களில் கண்டிச் சீமையிற் கோப்பித் தோட்டங்கள் தோன்றின. அதன்பின் பல பதிற்றாண்டுகள் தமிழ்நாட்டு ஏழை மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தே வந்தனர். தலைமன்னாருக்கு இருப்புப்பாதை எட்டியது 1914 இலேதான். காய்ச்சலும் வாந்திபேதியும் தாகமும் அவ்வழியில் எண்ணற்றோரை உண்டன. நோயுற்று நடக்கமாட்டாதவரை வழியிலேயே விட்டுக் கூட்டம் மேற்சென்ற கொடுமையும் நிகழ்ந்தது. அவர்கள் நின்றால் மற்றையோரும் மடிவர் என்னும் நிலை அது. வேண்டி நடந்த நடையன்று. அவ்வழியில் நடந்தோரின் பெயரர்கள் இன்று அதே வெயிலில், விருப்பத்தோடு, நல்ல சாலையில் செல்கின்றனர். இவர்களும் பின்தங்கியவனை விட்டுச் செல்வராயின், அதற்கு என்ன சமாதானம் சொல்ல இயலும்?

நண்பகலை எதிர்த்து நடப்பதை அன்றைய வழிச்செல்வோர் பெருமையாகக் கொண்டிலர். அதற்கு ஒதுங்க இடம் சமைத்தனர். யாழ்ப்பாணத்தார் வழிதோறும் மடமும் கேணியும் சுமைதாங்கியும் அமைத்தனர். கோடையில் தண்ணீர்ப்பந்தல் இட்டனர். சிங்கள மக்கள் அம்பலம் கட்டினர். கடுகண்ணாவையில் அத்தகையதொன்றை இன்றும் காணலாம். தமிழர் மடமும் சிங்களவர் அம்பலமும் ஒரே வெயிலுக்கு அஞ்சி, ஒரே அருளாற் பிறந்தவை. இவ்விரண்டையும் அறிந்த நாம், மாணவரை மட்டும் உச்சிவெயிலில் ஓட்டுதல் முறையோ?

"இவ்வளவு அச்சம் எதற்கு? துணிவு வேண்டாவா?" என்பார் உளர். துணிவு வேண்டும். 1923 ஒக்டோபரில் பம்பாயிலிருந்து பார்சி இளைஞர் அறுவர் துவிச்சக்கர வண்டியில் உலகைச் சுற்றப் புறப்பட்டனர். பாரசீகம், ஈராக்கு முதலிய நாடுகளின் மெய்யான பாலைகளைக் கடந்து, அவருள் ஆதி ஹக்கீம், ஜால் பாபாசோலா, ருஸ்தம் பும்காரா என்னும் மூவர் 1928 மார்ச்சு மாதம் வெற்றியுடன் மீண்டனர். நாலாண்டும் சில திங்களும் ஆயின. ஒரு நாளில் எத்தனை மைல் ஓடினர் என்று அவர்களை இன்று எவரும் வினவுவதில்லை. பொறுத்துச் சென்று மீண்டதே அவர் புகழ்.

ஆகவே பயணம் அமைக்கும் ஆசிரியர்க்கும் மன்றங்களுக்கும் எம் வேண்டுகோள் இது. விடியுமுன் புறப்படுக, முற்பகல் பத்து மணிக்கு வண்டியைச் சாத்துக. பள்ளியோ கோயிலோ விகாரையோ பள்ளிவாயிலோ, நிழலும் நீரும் உள்ள இடத்தை முன்னரே கேட்டு வைத்திடுக. வெறும் நீரோடு நில்லாமல் உப்பிட்ட கஞ்சியும் மோரும் செவ்விளநீரும் கொடுத்திடுக. வெயில் சாய்ந்தபின்னரே மீண்டும் வண்டி எடுத்திடுக. இதனால் மூன்று நாட்பயணம் ஐந்து நாளாகுமெனின், ஆகட்டும். அந்த நண்பகல்களில் மாணவர் அவ்வூராரோடு பேசுவர். வடக்கைக் காணச் செல்வோர்க்கு அதனினும் பெரிய பயன் யாது?

வன்னிக் காடுகளில் பாலை என்றே பெயர் பெற்ற மரம் ஒன்று உண்டு. கடுங்கோடையிலும் இலை உதிராது நின்று நிழல் தருவது. வேனிலிற் பொன்னிறக் கனி தருவது. அதன் நிழலில் ஒரு நண்பகலைக் கழித்த மாணவனுக்குப் பாலைத்திணையை விளக்க ஆசிரியர் மிகவும் முயல வேண்டியதில்லை.