ஒரு விஷயத்துக்கு ஒரு பக்கம்



நம் பள்ளி வலைத்தளத்தைப் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வரலாறு, சேர்க்கை, உதவித்தொகை, ஆண்டுவிழாப் படங்கள் எல்லாவற்றையும் முகப்பிலேயே கொட்டியிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

கூகுளில் தேடி வருகிறவர் பெரும்பாலும் முகப்பு வழியாக வருவதில்லை, நேரே உள்பக்கத்தில் வந்து இறங்குகிறார். உதவித்தொகைக்குத் தனிப்பக்கம் வேண்டும். அதற்கு ‘மாணவர் நலன்’ என்று தலைப்பு வைக்காதீர்கள். ஒரு தாய் தேடப்போவது ‘உதவித்தொகை விண்ணப்பம்’ என்றுதான். கடைசித் தேதியைப் படமாக ஒட்டாமல் யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பழைய பாமினி எழுத்துருவில் அடித்தது தேடுபொறிக்கு வெறும் ஆங்கிலக் கிறுக்கல். தேதி தவறினால் அந்தக் குடும்பத்துக்கு ஒரு வருடப் பணம் போச்சு.

அதற்காக நாற்பது துண்டாக நறுக்கவும் வேண்டாம். ஒரே செய்தி மூன்று பக்கத்தில் இருந்தால் ஏதாவது ஒன்றில் பழைய தேதி நின்றுவிடும். தேடுபொறி அதையே முதலில் காட்டினாலும் காட்டும்.

நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் எழுதிய ஐந்து விதிகளில் ஒன்று, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. கணினி வராத காலம் அது!

சேர்க்கை, உதவித்தொகை, மாற்றுச் சான்றிதழ் மூன்றுக்கும் முதலில் பக்கம் போடுங்கள். முகப்பிலிருந்து மூன்றுக்கும் இணைப்பு கொடுங்கள். என் பணி நிறைவு விழாப் படங்கள் கடைசியில் கிடக்கட்டும்.