அம்பயர் இல்லாத டென்னிஸ்: 'அவுட்' சொல்வது யார்?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு தரப் பரிசோதனையின் முதல் பாடம் தெரிந்திருக்கும்: சந்தேகம் இருந்தால் அந்த பீஸை அடுத்த கட்டத்துக்கு விடக்கூடாது. ஷிஃப்ட் முடிந்து டென்னிஸ் ஆடப் போனால் கதை அப்படியே தலைகீழ். அங்கே சந்தேகம் இருந்தால் பந்து 'இன்'தான்!

வார இறுதி ஆட்டங்களில் அம்பயர் கிடையாது. இதற்கென்றே சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு தனி நடைமுறை வைத்திருக்கிறது.

யார் நடுவர்?

வலைக்கு உங்கள் பக்கம் விழும் பந்துக்கு நீங்கள்தான் நடுவர். 'அவுட்' என்றால் உடனே, எதிராளிக்குக் கேட்கும்படி சொல்ல வேண்டும். கோட்டை லேசாகத் தொட்டாலும் பந்து 'இன்'. சரியாகப் பார்க்கவில்லையா? அந்தச் சந்தேகத்தின் பலன் எதிராளிக்கே. "தெரியல, திரும்ப ஆடலாமா?" என்று கேட்க இடமில்லை.

தப்பா சொல்லிட்டா?

'அவுட்' சொன்ன பிறகு பந்து உள்ளே விழுந்தது புரிந்தால், முதல் தடவை அந்த பாயின்ட்டை மறுபடி ஆடலாம். ஆனால் அது எடுக்கவே முடியாத ஷாட் என்றால் பாயின்ட் எதிராளிக்கு. அதே மேட்ச்சில் இரண்டாவது முறை தவறினாலும் அப்படித்தான்.

ஸ்கோரில் சண்டையா?

சர்வ் போடுபவர் ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் முன் ஸ்கோரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். அப்படியும் ஒருவர் 40-30, இன்னொருவர் 30-40 என்கிறார். தகராறு முதல் பாயின்ட்டில் மட்டும்தான் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் ஒப்புக்கொள்ளும் பாயின்ட்டுகள் நிற்கும். ஆட்டம் 30-30ல் இருந்து தொடரும்.

மெஷின் இருந்தால் பிரச்சினை தீருமா?

விம்பிள்டன் 2025ல் லைன் நடுவர்களை நீக்கிவிட்டு கேமராக்களை நம்பியது. ஜூலை 6 அன்று பாவ்லியுசென்கோவா–கார்ட்டல் ஆட்டத்தில் கோர்ட்டின் ஒரு பகுதியில் அந்த சிஸ்டம் தவறுதலாக அணைக்கப்பட்டிருந்தது. வெளியே போன பந்துக்கு 'அவுட்' வரவில்லை. பாயின்ட்டை மறுபடி ஆட வைத்தார்கள்.

நம்ம ஊர் கோர்ட்டில் கேமரா இல்லை, இருப்பது கண்ணும் மனசாட்சியும்தான். எதிரே ஆடுவது மேனேஜராக இருக்கலாம். திங்கட்கிழமை அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும். அதற்காக வெளியே போன பந்தை 'இன்' என்று விடுவது மரியாதை ஆகாது. ட்ரெய்னி 'அவுட்' சொன்னால் மேனேஜர் முறைப்பதும் ஆட்டம் ஆகாது. கோட்டுக்கு டெசிக்னேஷன் தெரியாது.