உலக்கை நிழல்

அறிவியலை மக்களிடம் கொண்டு செல்கிறோம் என்று கூறி இக்கால் ஊர்தோறும் நிகழ்த்தப்பெறும் காட்சிகள் சிலவற்றை யாமும் கண்டுள்ளோம். வெண்ணிற மேலாடை அணிந்த ஒருவர் மேடையேறுகிறார். குடுவையினின்று புகை கிளம்புகிறது. நீர் நிறம் மாறுகிறது. பிள்ளைகள் கை தட்டுகின்றனர். நிகழ்ந்தது யாது என்று வினவினால், வாய்க்குள் நுழையாத இரண்டு ஆங்கிலப் பெயர்களே விடையாகக் கிடைக்கின்றன. கண்கட்டுக்காரன் காட்சிக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அவனாவது தமிழில் பேசுகிறான்!

விளையாட்டு வேண்டா என்பதன்று எம் கருத்து. விளையாட்டு மேடையில் இருப்பவர்க்கு, கைதட்டல் மட்டும் பிள்ளைகட்கு என்று பங்கிட்டதே பிழை.

நல்லதோர் ஆட்டத்தைக் காட்டுவோம். 'நிழலில்லா நாள்' என ஒன்று உண்டு. கடகக் கோட்டிற்கும் சுறவக் கோட்டிற்கும் இடைப்பட்ட ஊர்களில் ஆண்டிற்கு இருமுறை நண்பகற் கதிரவன் நேர் உச்சியில் நிற்பான். செங்குத்தாக நட்ட கோலின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். சென்னையில் அது ஏப்பிரல் 24, ஆகத்து 18 ஆகிய நாள்களை ஒட்டி வரும். குமரிமுனைக்கு ஏப்பிரல் 10-ஐ ஒட்டியே வந்துவிடும். தில்லிக்கோ அந்நாள் என்றுமே வாராது! அந்நகர் கடகக் கோட்டிற்கு வடக்கே கிடக்கிறது. எதனையும் தில்லியே நமக்கு அளந்து தருதல் வேண்டும் என்று எண்ணுவார் இதனைச் சற்று நினைவிற் கொள்வாராக.

இதற்குக் கருவி யாது? உலக்கை ஒன்று போதும். கதிரவன் மறைப்பின்போது உலக்கை தானே நிமிர்ந்து நிற்கும் என்றொரு நம்பிக்கை நம் ஊர்களில் வழங்குகிறதன்றோ? அடி தட்டையான உலக்கை எந்நாளும் நிற்கும். அதனை நிழலில்லா நாளில் முற்றத்தில் நிறுத்தி, நிழலின் நுனியைச் சிறுவர் சுண்ணக்கட்டியாற் குறித்து வரட்டும். நிழல் முற்றும் ஒடுங்கும் பொழுதில் மணிப்பொறி பன்னிரண்டைக் காட்டாமை கண்டு வியப்பர்; கோவையில் ஏறத்தாழ இருபது மணித்துளி கடந்திருக்கும். மணிப்பொறியின் நண்பகல் வேறு, தம் ஊரின் நண்பகல் வேறு என்பதை எப்பாடநூலும் இத்துணை எளிதிற் சொல்லிவிடாது.

இன்னும் உண்டு. சென்னையில் நிழல் ஒழியும் அந்நாளின் நண்பகலில், குமரிமுனையில் ஒரு மீட்டர்க் கோலின் நிழல் தெற்கு நோக்கி ஏறத்தாழ 9 செ.மீ. நீண்டிருக்கும். (நண்பகல் நிழல் தெற்கே விழுமோ என்று படித்தவரே ஐயுறுவர், நட்டுப் பார்க்கட்டும்.) அது காட்டும் சாய்வு 5 பாகை, முழு வட்டத்தில் 72-இல் ஒரு பங்கு. இவ்விரண்டு ஊர்க்கும் நேர் தென்வடலாக உள்ள தொலைவு ஏறத்தாழ 555 கி.மீ. அதனை 72-ஆற் பெருக்குக. நிலவுலகின் சுற்றளவு, ஏறத்தாழ 40,000 கி.மீ., பிள்ளைகள் கையிலேயே கிடைத்துவிடும். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகித்து நாட்டில் வாழ்ந்த எரட்டோசுத்தனீசு என்னும் கிரேக்க அறிஞர் இவ்வழியே உலகை அளந்தார். அவர்க்குச் சையீனும் அலெக்சாந்திரியாவும்; நமக்குச் சென்னையும் குமரியும்.

இனி, நம்மவர்க்கு ஒன்று. கலைச்சொற் பட்டியல்கள் எத்துணையோ வந்துவிட்டன. அவற்றுட் பல பேழைக்குள் உறங்குகின்றன. 'நிழலில்லா நாள்' என்னும் சொல்லோ செய்தித்தாளிலும் பள்ளியிலும் எவர் வற்புறுத்தலுமின்றி வழங்குகிறது. சொல்லும் பொருளும் ஒருசேரக் கண்முன் நின்றமையால் அது நிலைத்தது. பாகை, சாய்வு, தென்வடல் என்பனவும் இவ்வாட்டத்தினூடே சிறுவர் நாவில் ஏறிவிடும். அடைப்புக்குறிக்குள் ஆங்கிலம் இட்டு விளக்கும் வேலை அங்கு எழாது. தமிழால் அறிவியல் இயலுமா என்று வழக்காடுவார் வழக்காடட்டும்.

வரும் மேழத் (சித்திரை) திங்களில் குமரி மன்றத்தாரும் சென்னை மன்றத்தாரும் ஒரே நாளில் அளந்து, தொலைபேசி வழியே அளவுகளை மாற்றிக் கொள்க. தலைமையுரையும் வேண்டா, நன்றியுரையும் வேண்டா. வெயிலில் நிற்கச் சிறுவர் பதின்மரும், அவர்க்கு மோர் வார்க்க ஒருவரும் போதும்.