கலவரம் என்றொரு சொல்

பழைய பத்திரிகைத் தொகுதிகளைப் புரட்டுவோர்க்கு அடிக்கடி எதிர்ப்படும் சொற்களுள் ஒன்று கலவரம். மனக்கலக்கத்தையும் அச்சத்தையும் குறிக்கும் சொல் அது. செய்தி கேட்டுக் கலவரமடைந்தாள் என்று இன்றும் கதைகளில் எழுதுகிறோம். செய்தித்தாள்கள் அதனைத் தெருவுக்குக் கொணர்ந்தபோது அதன் பழைய இயல்பொன்றும் கூடவே வந்து சேர்ந்தது. கலக்கத்துக்குக் கர்த்தா வேண்டியதில்லை. அது தானே வரும். ஆகவேதான் பத்திரிகைகளில் கலவரம் வெடிக்கிறது, மூளுகிறது, பரவுகிறது, பின்னர் தணிகிறது. தீக்கும் கொள்ளைநோய்க்கும் உரிய வினைச்சொற்களே இதற்கும் உரியனவாயின. கடையை உடைத்தவனுக்கும், வீட்டைக் கொளுத்தியவனுக்கும், அவர்களை லொறியில் ஏற்றி அனுப்பிய கனவானுக்கும் அந்த வாக்கியத்தில் இடமில்லை.

இந்த ஒரு போர்வைக்குள் எவையெவை அடங்கின என்று நோக்குவோம். 1915இல் இலங்கை முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன, அது கலவரம். அதனை அடக்குவதாகக் கூறி, இராணுவச் சட்டத்தின் நிழலில் வெள்ளை ஆட்சி விசாரணையின்றிச் சிங்களக் குடிமக்களைச் சுட்டுக் கொன்றதும் அந்தப் பெயருக்குள்ளேயே புதைந்தது. அக்கொடுமையை அம்பலப்படுத்த சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1916இல் வெளியிட்ட ஆங்கில நூலின் தலைப்பிலும் முதலில் நிற்பது அச்சொல்லின் ஆங்கில வடிவமே.

1953 ஆகஸ்ட் 12ஆம் திகதி நடந்தது வேறு. ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டதை எதிர்த்து மக்கள் ஹர்த்தால் செய்தனர். மந்திரிசபை துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் ஏறிக் கூடியது. (மக்களாட்சியின் மந்திரிகள் மக்களுக்கு அஞ்சி அந்நியனின் கப்பலேறிய காட்சி வரலாற்றில் அடிக்கடி கிட்டுவதன்று.) இத்தகைய போராட்டங்களை எழுதுமிடத்துத்தான் நம் சொல்லுக்குத் திடீரெனக் கர்த்தா முளைத்துவிடுகிறான்: 'கலவரக்காரர்'. அதே கணத்தில் மறுபக்கத்துக் கர்த்தா மறைந்துவிடுகிறான். பொலிசார் சுட்டனர் என்றில்லை. 'துப்பாக்கிப் பிரயோகம் செய்ய நேரிட்டது'. எளியவன் கை ஓங்கினால் அவனுக்குப் பெயருண்டு. அதிகாரத்தின் கை ஓங்கினால் வெறும் நேர்ச்சி!

1958இல் தமிழர் தாக்கப்பட்டபோது அவசரகாலத் தணிக்கை பத்திரிகைகளின் வாயை அடைத்தது. உண்மையை விரித்துரைத்த தார்சி வித்தாச்சியின் நூல் லண்டனில்தான் அச்சேற முடிந்தது. 1983 ஜூலையிலோ, கொழும்பில் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்தனர். இடாப்பைப் புரட்டி இலக்கம் பார்த்துச் செய்யும் காரியம் கலக்கமா, கணக்கா? வெலிக்கடைச் சிறையில் அரசின் காவலிலிருந்த 53 தமிழ்க் கைதிகள் இரு நாட்களிற் கொல்லப்பட்டனர். அதனையும் சிறைக்கலவரம் என்போர் உளர். பூட்டுக்குள் கிடந்தவன் எவரோடு கலவரம் செய்தான்?

பெயர் சொன்னால் நெருப்பில் எண்ணெய் வார்த்ததாகும் என்பர் பத்திரிகாசிரியர். தெரு எரியும் அன்றைக்கு அவ்வாதத்துக்கு ஓரளவு மதிப்புண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு மட்டும் என்று பூசிய சொல் மறுநாள் அறிக்கையிலும், மறு ஆண்டு பாடநூலிலும் ஏறிவிடுகிறதே! 2014இல் அளுத்கமவுக்கும் 2018இல் திகனவுக்கும் அந்தப் பழைய சொல்லே மீண்டும் தூசு தட்டி எடுக்கப்பட்டது.

சொல்லில் என்ன இருக்கிறது என்று இன்னும் கேட்போர், கடல் கடந்த ஊரொன்றின் கதையைக் கேட்கட்டும். 1921இல் அமெரிக்காவின் துல்சா நகரில் வெள்ளையர் கும்பல் கிறீன்வூட் என்னும் கறுப்பின மக்களின் பகுதியைச் சுட்டெரித்தது. அதற்குக் கலவரம் என்று பெயரிட்டனர். கலவரத்தால் நேரும் சேதத்துக்குப் பணம் இல்லை என்ற நிபந்தனையைக் காட்டிக் காப்புறுதிக் கம்பனிகள் வீடிழந்தோரைத் திருப்பி அனுப்பின. அந்நிகழ்வின் நூற்றாண்டு நினைவுக்கென அமைந்த ஆணைக்குழு தன் பெயரிலிருந்து அச்சொல்லை நீக்கிப் படுகொலை என்று மாற்றிக்கொண்டது 2018இல். அதாவது 97 ஆண்டுகள் கழித்து.