கடவுள் எந்த ஸ்டாப்பிங்?

டொரண்டோ ஏர்போர்ட் பக்கத்தில் 1994ல் ஒரு சர்ச். கார்ப்பெட்டில் வரிசை வரிசையாக டேப் ஒட்டிக் கோடு போட்டிருந்தார்கள். எதற்கு என்கிறீர்களா? பக்தர்கள் அந்தக் கோட்டின் மேல் வந்து நிற்க வேண்டும். ஜெபிக்கிறவர் முன்னால் வருவார். பின்னால் ஒருவர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு விக்கெட் கீப்பர் மாதிரி ரெடியாக நிற்பார். ஜெபம் பாதி நடக்கும்போதே ஆசாமி மல்லாக்கச் சாய்வார். கீப்பர் லாகவமாகப் பிடித்துத் தரையில் கிடத்திவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுவார். பரிசுத்த ஆவி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் யார் எங்கே விழவேண்டும் என்பதற்கு மட்டும் பக்கா ஏற்பாடு!

கிண்டல் இல்லை. கூட்டம் என்று வந்துவிட்டால் க்யூ வேண்டும், கோடு வேண்டும். திருப்பதியில் இல்லையா?

கதை இதுதான். 1994 ஜனவரி 20ந் தேதி. செயின்ட் லூயிஸ் நகரத்து பாஸ்டர் ராண்டி க்ளார்க்கை நாலு நாள் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். முதல் நாள் வந்தது நூற்றிச் சொச்சம் பேர். ஜனங்கள் சிரித்தார்கள், அழுதார்கள், விழுந்தார்கள். பிற்பாடு சிலர் சிங்கம் மாதிரி கர்ஜித்தார்களாம். நாலு நாள் கூட்டம் வருஷக்கணக்கில் நீண்டது. திங்கட்கிழமை மட்டும் லீவு. பிளேன் பிடித்து உலகம் பூராவிலிருந்தும் வந்து இறங்கினார்கள். பிரிட்டிஷ் பத்திரிகைகள் இதற்கு 'டொரண்டோ பிளெஸ்ஸிங்' என்று பேர் வைத்தன.

வாங்கிக்கொண்டு போனவர்கள் சும்மா இருப்பார்களா? ஊருக்குக் கொண்டுபோனார்கள். அதே 1994 மே மாதம் லண்டன் ஹோலி டிரினிட்டி பிராம்ப்டன் சர்ச்சில் ஆரம்பித்தது. 1995 ஜனவரியில் அங்கே போய் ஜெபம் செய்துகொண்டவர் ஸ்டீவ் ஹில் என்கிற அமெரிக்கப் பிரசங்கியார். அவர் ஜூன் 18ந் தேதி, தந்தையர் தினத்தன்று, ஃப்ளோரிடாவில் பென்சகோலா ஊரின் பிரவுன்ஸ்வில் சபையில் பேச, அங்கே பற்றிக்கொண்டது. மாலைக் கூட்டத்துக்கு ஜனங்கள் விடிகாலையிலேயே வந்து இடம்பிடித்தார்கள். அப்புறம் 2008ல் அதே ஃப்ளோரிடாவில் லேக்லாண்ட். ரிலே ரேஸ் கெட்டது போங்கள்! கட்டை கைமாறிக்கொண்டே இருந்தது. பின்னாலேயே ஜனங்களும் ஓடிக்கொண்டே இருந்தார்கள். இப்படி ஓடுகிறவர்களுக்காக டாமி டென்னி என்பவர் 1998ல் ஒரு புத்தகமே எழுதினார். தலைப்பு 'தி காட் சேஸர்ஸ்'. கடவுளைத் துரத்துகிறவர்கள். விற்பனை பிய்த்துக்கொண்டு போனது.

சரி, துரத்தப்பட்ட ஊர்கள் என்ன ஆயின? டொரண்டோ சபையை 1995 டிசம்பரிலேயே அதன் தாய் அமைப்பான வின்யார்ட் கழற்றிவிட்டது. லேக்லாண்டில் தலைவராக இருந்தவர் மனைவியைப் பிரிகிறார் என்று 2008 ஆகஸ்டில் நியூஸ் வந்தது. அவர் மேடையை விட்டு இறங்கினார், கூட்டமும் கரைந்துபோனது. பென்சகோலாவில் கூட்டம் போன பிறகு, அந்தக் கூட்டத்துக்காகக் கட்டியதெல்லாம் நின்றது. பக்கத்தில் கடனும் நின்றது. ஒரு கோடி டாலருக்கு மேல்! அதைச் சுமந்தது, பிளேனில் வந்து போனவர்கள் இல்லை. உள்ளூரில் ஞாயிறு தவறாமல் வந்து உட்கார்ந்த ஜனங்கள்.

இது இன்று நேற்று வந்த வியாதியும் இல்லை. 1906ல் லாஸ் ஏஞ்சலீஸ் அசூசா தெருவில், ஒரு காலத்தில் குதிரை லாயமாக இருந்த கட்டிடத்தில் வில்லியம் செமூர் கூட்டம் நடத்தினார். கறுப்பர். அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளை. மரப்பெட்டிகளை அடுக்கி வைத்ததுதான் பிரசங்க மேடை. கூட்டம் நடக்கும்போது அந்தப் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு ஜெபித்துக்கொண்டிருப்பாராம். பெந்தெகொஸ்தே சபைகள் இன்று உலகம் பூராவும் கொண்டாடுகிற இடம் அது. அந்தக் கட்டிடத்தை 1931ல் இடித்துவிட்டார்கள். இன்று அந்தப் பக்கம் போனால் ஜப்பானியர் கலாசார மையம்தான் இருக்கிறது.

நான் பி.காம். புத்தி கணக்கில்தான் போகும். ஒரு பேங்கில் அண்ணாநகர் கிளை டெபாசிட்டை எடுத்து அடையாறு கிளையில் போட்டால் அடையாறு மேனேஜர் ஸ்வீட் கொடுப்பார். ஹெட் ஆபீசுக்கு என்ன லாபம்? பைசா கிடையாது. கான்ட்ரா என்ட்ரி! எங்கள் சபை வளர்கிறது, வளர்கிறது என்று சொல்வதில் எத்தனை, பக்கத்துச் சபையிலிருந்து டிரான்ஸ்ஃபர் ஆனது என்று ஒரு ஆடிட்டரை வைத்துப் பார்த்தால் தேவலை.

என் ஆபீஸ் நண்பர் ஒருவர் இந்த டிரான்ஸ்ஃபரில் கைதேர்ந்தவர். நாலு வருஷத்தில் அஞ்சு சபை. திங்கட்கிழமை காலையில் காபியோடு ரிப்போர்ட் வரும்.

"அங்க பிரசன்னம் அப்படியே இறங்குது சார்!"

"போன மாசம் போனீங்களே, அங்க?"

"இருந்திச்சு சார். இப்ப இல்ல."

"எங்க போச்சு?"

"அதத்தானே தேடறேன்!"

அவரைக் குறை சொல்ல மாட்டேன். பரம்பரையாகப் போன சர்ச்சில் பத்து வருஷமாக ஒரே குரலில் ஒரே பிரசங்கம். ஃபேன் சத்தம்தான் வித்தியாசப்படும். வாரம் ஆறு நாள் மேனேஜர் திட்டுவதைக் கேட்ட காதுக்கு, ஏழாவது நாள் கொஞ்சம் கீபோர்டும் கண்ணீரும் தேவைப்படுகிறது. தாகம் நிஜம். அதை யாரும் கிண்டல் பண்ண முடியாது.

போன வருஷம் ஒரு ராத்திரி அவருடைய அப்பா இறந்துபோனார். மணி பதினொன்று. நாங்கள் நாலு பேர் போயிருந்தோம். அழுவதற்கு முன்னால் ஆகவேண்டிய காரியம் ஒன்று இருந்தது. கல்லறையில் இடம் வேண்டும். அதற்குச் சபை லெட்டர் வேண்டும். நண்பர் அஞ்சாவது சபைக்குப் போன் போட்டார். ரொம்ப நேரம் கழித்து எடுத்தவர் மெம்பர்ஷிப் நம்பர் கேட்டார். இல்லை. "காலைல ஆபீஸ் திறந்ததும் பேசுங்க பிரதர்" என்று வைத்துவிட்டார். அவர் மேலும் தப்பில்லை. ஆயிரக்கணக்கில் வருகிற இடத்தில் யார் யாரென்று அவருக்கு எப்படித் தெரியும்?

கடைசியில் நண்பரின் அம்மாதான் தயங்கித் தயங்கிப் பழைய சர்ச் ஐயருக்குச் சொல்லச் சொன்னார்கள். முக்கால் மணி நேரத்தில் ஸ்கூட்டர் சத்தம். அதே ஐயர். அதே ஒரே குரல். நாலு வருஷமாக ஏன் வரவில்லை என்று கேட்பார் என்று நண்பர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவர் கேட்கவே இல்லை. இறந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு பேர் சொல்லி ஜெபித்தார். கொயரில் அவர் பாடியதைப் பற்றி அம்மாவிடம் ரெண்டு வார்த்தை பேசினார். காகிதம் கேட்டு வாங்கி அங்கேயே லெட்டர் எழுதினார். அன்றைக்கு அந்த வீட்டில் கீபோர்ட் இல்லை. யாரும் மல்லாக்க விழவில்லை. ஆனால் அந்த அம்மா முதல் தடவையாக வாய்விட்டு அழுதார்கள்.

நண்பர் அதோடு திருந்திவிட்டார் என்று முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். வாழ்க்கை சினிமா இல்லையே! இப்போதும் பத்து மணிக்கு அஞ்சாவது சபைதான். ஆனால் ஏழரை மணிக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு பழைய சர்ச். பிரசங்கம் எப்படி என்று கேட்டேன். "அதேதான் சார்" என்றார். குரலில் கோபம் இல்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 2023 பிப்ரவரி 8. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் வில்மோர் என்று ஒரு சின்ன ஊர். ஜனத்தொகை ஆறாயிரம் இருக்கலாம். அங்கே ஆஸ்பரி காலேஜில் வழக்கமான புதன்கிழமை ஆராதனை. பேசியவருக்குப் பேச்சு சொதப்பிவிட்டது என்று எண்ணம். வீட்டுக்கு வருகிறேன் என்று மனைவிக்கு மெசேஜ் அனுப்பினாராம், சொதப்பலையும் சேர்த்து! ஆனால் சில மாணவர்கள் எழுந்து போகாமல் பாடிக்கொண்டே இருந்தார்கள். பதினாறு நாள் நீடித்தது. 50,000 பேருக்கு மேல் வந்து குவிந்தார்கள். ஊருக்குள் கார் நுழைய முடியவில்லை. பிரபல பாடகர்கள், பிரசங்கிகள் வந்தபோது மேடை தரவில்லை. கடைசியில் நிர்வாகமே, போதும், இனி அவரவர் ஊரில் போய்ச் செய்யுங்கள் என்கிற தினுசில் முடித்துவைத்தது. க்யூ நிற்கும்போது கடையை மூடுகிற தைரியம் லேசில் வராது, சார்!

பைபிளிலேயே ஒரு துரத்தல் கதை உண்டு. எலியா தீர்க்கதரிசி, யேசபேல் ராணிக்குப் பயந்து ஓடி, நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போகிறார். கடவுள் இருக்கிற மலை என்று பேர். குகையில் தங்குகிறார். பலத்த காற்று வருகிறது, அதில் கடவுள் இல்லை. பூகம்பம், அதிலும் இல்லை. தீ, அதிலும் இல்லை. கடைசியில் மெல்லிசாக ஒரு குரல். நாற்பது நாள் நடந்து வந்தவரைக் 'வா' என்று வரவேற்கவில்லை அது. உனக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டது.

கேட்டதோடு விட்டதா? வந்த வழியே திரும்பிப் போய் பாக்கி வேலையைப் பார்க்கச் சொன்னது. டி.ஏ. கூடக் கிடையாது!