விடுதலைப் பத்திரமும் வெறுங்கையும்

"எமர்ஜென்சியிலதாங்க உங்காளுக பண்ணையத்துல இருந்து தப்பிச்சாங்க. அதை மறந்துறாதீங்க."

2025 ஜூனில், அவசரநிலையின் ஐம்பதாம் ஆண்டுப் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தபோது, அவிநாசிபாளையத்து டீக்கடையில் ஒரு கதர்ச்சட்டைப் பெரியவர் என்னிடம் சொன்னது இது. 'உங்காளுக' என்கிற ஒரே சொல்லில் கொடுத்தவன் யார், கும்பிட வேண்டியவன் யார் என்று தீர்ப்பாகிவிடுகிறது. எதிர்ப்பக்கத்தில் ஜனநாயகக் காவலர்கள். பத்திரிகைத் தணிக்கை, தலைவர்கள் சிறை என்று மேடை மேடையாய்க் கண்ணீர் வடித்தவர்கள் கொத்தடிமை என்ற சொல்லை உச்சரிக்கவேயில்லை. இரு தரப்புக் கணக்கிலும் சேரிக்குப் பக்கம் கிடையாது. பேரேடு எழுதிப் பிழைக்கிற வங்கிக் குமாஸ்தா நான். அந்தப் பக்கத்தை நானே எழுதிப் பார்க்கிறேன்.

1950 ஜனவரி 26 அன்றே அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்துவிட்டது. ஆனால் அதைச் செயல்படுத்த நாடு முழுமைக்குமான ஒரு சட்டம் 25 ஆண்டுகள் வரவில்லை. அத்தனை ஆண்டும் தில்லியில் ஆண்டது காங்கிரஸ்தான். 1975 ஜூன் 12-இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் இந்திராவின் தேர்தல் வெற்றி செல்லாது என்றது. ஜூன் 25 நள்ளிரவில் அவசரநிலை. ஜூலை 1-இல் இருபது அம்சத் திட்டம். அதில் ஓர் அம்சமாகக் கொத்தடிமை ஒழிப்பு. அக்டோபரில் அவசரச் சட்டம், 1976 பிப்ரவரியில் முழுச் சட்டம். கால் நூற்றாண்டாகத் தெரியாத அடிமை, நாற்காலி ஆடியதும் கண்ணுக்குத் தெரிந்துவிட்டான்!

இன்னொன்றையும் சேர்த்துப் படியுங்கள். 1975 செப்டம்பரில், அடிமையை விடுவிப்பதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, தொழிலாளியின் குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக வெட்டப்பட்டது. அதுவும் அவசரச் சட்டத்தால்தான். 1976 ஏப்ரலில் உச்சநீதிமன்றம், அவசரநிலைக் காலத்தில் சட்டவிரோதக் காவலை எதிர்த்துக்கூட ஆட்கொணர்வு மனுப் போட முடியாது என்றது. ஊரையே கட்டிப்போட்டுவிட்டு அடிமைக்கு மட்டும் கட்டவிழ்த்தோம் என்பதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

இது இந்திராவின் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவில் உள்நாட்டுப் போரின் நடுவே, 1863 ஜனவரி 1-இல் லிங்கன் விடுதலைப் பிரகடனம் செய்தார். பிரிந்துபோன தென்மாநிலங்களின் அடிமைகளுக்கே அது பொருந்தியது. தன் பக்கம் நின்ற நான்கு அடிமை மாநிலங்களை லிங்கன் தொடவில்லை. ஒன்றியத்தைக் காப்பதே தன் நோக்கம், அடிமைகளை விடுவிக்காமல் காக்க முடிந்தால் அப்படியே செய்வேன் என்று அதற்குச் சில மாதங்கள் முன்புதான் கடிதம் எழுதியிருந்தார். கறுப்பின மக்களோ ஆணைக்காகக் காத்திருக்கவில்லை. தோட்டங்களிலிருந்து ஓடி ராணுவ முகாம்களை நிரப்பினார்கள், துப்பாக்கியும் ஏந்தினார்கள். 1865-இல் ஒரு தளபதி கடலோர நிலத்தைக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை பிரித்துக் கொடுக்க ஆணையிட்டார். அதே ஆண்டு அடுத்த குடியரசுத் தலைவர் அதைப் பிடுங்கிப் பழைய ஆண்டைகளிடமே கொடுத்தார். காகிதம் விடுதலையானவனுக்கு, நிலம் ஆண்டைக்கு. 1942-இல் காந்தியும் தீண்டப்படாதார் விடுதலையும் பற்றி எழுதிய அறிக்கையில் அண்ணல் அம்பேத்கர் இந்த வஞ்சகத்தைத்தான் நம் முன் எச்சரிக்கையாக வைத்தார்.

லிங்கனின் சொல் அவருடைய கை எட்டிய இடத்தில் பொருந்தவில்லை. இந்திராவின் சொல் நாடு முழுக்கப் பொருந்தியது, கைதான் எந்த ஊருக்கும் வரவில்லை.

வராதது தற்செயலா? இல்லை. அடிமையைக் கண்டுபிடித்து விடுவிக்கும் பொறுப்பு மாவட்ட நிர்வாகத்துக்கு. குற்றத்தை விசாரிக்கும் அதிகாரத்தை நிர்வாக நடுவருக்கும் கொடுக்கலாம். அதாவது ஜீப்பில் வந்து இறங்கியதும் பண்ணாடி வீட்டுத் திண்ணையில் மோர் குடிக்கிற அதிகாரிக்கு. காங்கிரசின் கிராமத் தூணே அந்தத் திண்ணைதான். தன் தூணைத் தானே அறுக்கிற கட்சி உண்டா?

என் தாத்தா இதே பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பண்ணையத்தாள். கவலை ஓட்டினார், கட்டுத்தறி கூட்டினார், வருசக் கூலியாகக் கம்பும் சோளமும் வாங்கினார். கலியாணத்துக்கு வாங்கிய கடன் கழியவேயில்லை. ரேடியோவில் சொன்னதாக யாரோ சொல்ல, கைகட்டி நின்று கேட்டிருக்கிறார்: "இந்திராம்மா எங்கள உட்டுட்டாங்களாமுங்க சாமி?"

"உட்டா போடா. அவ ஊட்டுலயே போயிச் சோறு தின்னு."

போனார். பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்துவிட்டார். அவ்வா சாகும்வரை இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்லும். குடியிருந்த குடிசை பண்ணாடி நிலத்தில். தண்ணீர் பண்ணாடி கிணற்றில். மறுநாள் அடுப்பெரிய வேண்டுமென்றால் அந்தப் படலைத்தான் திறக்க வேண்டும். கடன் ரத்து என்கிறது சட்டத்தின் 6-ஆம் பிரிவு. குடியிருப்பிலிருந்து வெளியேற்றக்கூடாது என்கிறது 8-ஆம் பிரிவு. யார் வந்து படித்துச் சொன்னார்கள்? தண்டோராவா போட்டார்கள்?

1978-இல் காந்தி அமைதி நிறுவனமும் தேசியத் தொழிலாளர் நிறுவனமும் கணக்கெடுத்தபோது பத்து மாநிலங்களில் 26.17 லட்சம் கொத்தடிமைகள் இருந்தார்கள். ஒழித்தாகிவிட்டது என்று அறிவித்து மூன்று ஆண்டு கழித்து! 1995-இல் உச்சநீதிமன்றம் அமைத்த குழு தமிழ்நாட்டில் மட்டும் 10 லட்சத்துக்கு மேல் என்றது. இருபது ஆண்டு கழித்து!

எங்கள் குடும்பத்தைப் பண்ணையத்திலிருந்து வெளியே கொண்டுவந்தது ஆணை அல்ல, திருப்பூர் பஸ். எங்கய்யன் சொல்லாமல் கொள்ளாமல் அதில் ஏறி பனியன் கம்பெனிக்குப் போனார். அது அவர் எடுத்துக்கொண்ட விடுதலை. ஆனால் அந்த பஸ் நேராகச் சுதந்திரத்துக்குப் போய்ச் சேரவில்லை. பல்லடம் பக்கம் விசைத்தறிக்குப் போனவர்களைக் கேளுங்கள். முன்பணம் வாங்கிய தறிக்காரன் வேறு தறிக்குப் போகவேண்டுமென்றால், புது முதலாளி பழைய முதலாளிக்குப் பாக்கியைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்கிறார். நான் வங்கியில் கடன் எழுதுகிறேன். கடன்காரர் எங்கே வேலை செய்யவேண்டும் என்று எந்த வங்கிப் பத்திரமும் சொல்வதில்லை. எங்கள் கடனுக்கு வட்டி உண்டு. அவர்கள் முன்பணத்துக்கு வட்டி கிடையாது, ஆளேதான் வட்டி.

நூற்பாலைகளின் 'சுமங்கலித் திட்டம்' இன்னும் தந்திரமானது. மூன்று ஆண்டு விடுதியில் அடைத்து வேலை வாங்கி, முடிவில் மொத்தமாகப் பணம் என்றார்கள். நடுவில் வெளியேறினால் அந்தப் பணம் போச்சு. இங்கே கடன் பட்டிருப்பவர் முதலாளி, கட்டிப்போடப்பட்டவள் கடன் கொடுத்த பெண்! முன்பணம் வாங்கியவனையே முதன்மையாகத் தேடுகிற 1975-இன் சட்டக் கண்ணுக்கு இவள் எளிதில் தென்படமாட்டாள். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்தாலே அது கட்டாய உழைப்பு என்று 1982-இல் உச்சநீதிமன்றம் சொன்ன தீர்ப்புதான் அவளுக்குப் பிடிமானம்.

அப்படியானால் அந்தச் சட்டம் வேண்டாம் என்கிறேனா? இல்லை தோழர்களே. அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பைக் கடன் கொடுத்தவன் தலையில் வைக்கிற 15-ஆம் பிரிவு நல்ல ஆயுதம். எடுத்து வீசுவோம். வேண்டாம் என்பது அந்த நன்றிக்கடனை. ஒரு கடனை ரத்து செய்த கையோடு இன்னொரு கடனை நம் தலையில் எழுதிவிட்டார்கள், தலைமுறைக்கும் அடையாத கடன். கொடுத்ததாக நம்பினால் கும்பிடுவோம். கேட்க வேண்டியதைக் கேட்கமாட்டோம்.

கேட்க வேண்டியது நிலம். 1892 தொடங்கி நமக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் யார் பட்டாவில் இருக்கிறது? அதைக் கேட்டுத்தான் 1994 அக்டோபர் 10-இல் செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள். அடிமையை விடுவித்தேன் என்று ஆணை போட்ட எந்த ஆட்சியும், விடுதலையானவன் நிற்பதற்கு ஒரு சாண் நிலம் கேட்டால் பொறுத்துக்கொள்ளவில்லை.

டீக்கடைப் பெரியவருக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். எங்காளுக தப்பிச்சது நெசந்தானுங்க. யாரும் தப்பிக்க விடலீங்க. பொழுது சாயறதுக்குள்ள எந்தாத்தன் திரும்பி வந்தாரில்லீங்களா, அந்தப் படலுக்கு வெளியே அவர் நிக்கறதுக்கு ஒரு காணி நிலம் இருந்திருந்தா, அன்னைக்கே சொல்லியிருப்போமுங்க விடுதலைன்னு.